குரலுக்கு ஞாயிறு விடுமுறை

12 ஆகஸ்ட் 2049, வியாழன்

இன்றைய தவறு: மதினியின் சோதனைத் தாளில் ‘கருவி பழுது’ என்று எழுதிவிட்டேன். கருவி பழுதாகவில்லை. பார்க்காமலே எழுதினேன். சின்னத் தவறு. நாளைக்குத் திருத்த வேண்டும்.

இதை எழுதிவிட்டு இன்னாசி நாட்குறிப்பை மூடினான். மறுபடி திறந்து ‘சின்ன’ என்ற சொல்லை அடித்தான். அடித்தது சரிதானா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாலை வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து தினம் ஒரு தவறையாவது எழுதிவிடுவது அவன் வழக்கம். பகலில் சிலுவைத்துறை மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் வேலை. சாயங்காலம் பஸ் ஏறித் தூத்துக்குடிக்குப் போய்க் குரல்வளைத் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு. வகுப்பில் மற்றவர்கள் ஒரு முறை அளந்தால் இவன் இரண்டு முறை அளப்பான். இரண்டும் ஒத்துப்போனால்தான் அவனுக்குச் சந்தேகமே வரும்.

அப்படிப்பட்டவன் அன்று சாயங்காலம் அவசரப்பட்டுவிட்டான். சோதனை எளிமையானது. எலுமிச்சைப் புளிப்பை ஆவியாக்கி ஒரு குழாய் வழியே மூச்சில் இழுக்கச் சொல்ல வேண்டும். தொண்டை உள்ள எவருக்கும் இருமல் வரும். எவ்வளவு லேசான ஆவிக்கு இருமினார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். அவனுடைய மதினி பிரகாசி குழாயை வாயில் வைத்து இழுத்துவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆவியைக் கூட்டினான். இன்னும் கூட்டினான்.

“என்னல, வெறும் காத்துதான வருது? முடிஞ்சிச்சின்னா சொல்லு, பஸ்ஸு போயிரும்” என்றாள் அவள்.

குழாய் அடைத்திருக்கும் என்று நினைத்து ‘கருவி பழுது’ என்று எழுதி அவளை அனுப்பிவிட்டான். பிறகு கழுவி வைக்கும்போது, எங்கே அடைப்பு என்று பார்க்கத் தானே ஒரு முறை இழுத்தான். இருமல் அவனைத் தரையில் உட்கார வைத்துவிட்டது. பக்கத்து மேசைக்காரன் தண்ணீரோடு ஓடி வந்தான்.

பழுது கருவியில் இல்லை என்றால் மதினியின் தொண்டையில்தான் இருக்க வேண்டும்.

பிரகாசி அவன் அண்ணன் சூசையின் மனைவி. சிலுவைத்துறை ஏலக்கூடத்தில் மீன் ஏலம் கூறுபவள். வேறு துறைமுகங்களில் திரையில் விலை ஓடும் காலம் வந்துவிட்டது. இங்கே மட்டும் மீன்பிடி வள்ளக்காரர்கள், வியாபாரியின் முகத்தைப் பார்த்து விலை ஏற்றுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்கள். அந்த ஆளின் தொண்டை போன வருடம் கைவிட்டது. முதலில் கரகரப்பு, பிறகு பாதிச் சொல்லில் காற்று, கடைசியில் ஒன்றுமே இல்லை. சங்கத்தார் வேம்பாரிலிருந்து வேறொருவரைக் கூட்டி வந்தார்கள். அத்தனை நாளும் பிரகாசி சாளை வாங்கக்கூடத் துறைமுகப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஏலச் சத்தம் கேட்காத பின்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். வீட்டில் அவ்வளவு வெங்காயத்துக்குத் தேவையும் இல்லை.

இன்னாசிதான் அவளைத் தன் ஆசிரியை டாக்டர் ரிஸ்வானாவிடம் அழைத்துப் போனான். காயல்பட்டினத்துக்காரர். பகலில் தொண்டை மருத்துவர், மாலையில் வகுப்பு. குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, திரையில் சிவந்து வீங்கிய இரண்டு மடிப்புகளைக் காட்டினார்.

“இதுதான்மா உங்க குரல் நாண். பேசும்போது செகண்டுக்கு நூறு, இருநூறு தடவை ஒண்ணோட ஒண்ணு உரசுது. வயித்து அமிலம் எதுக்களிச்சு மேல வந்தா, பாவம், இதுதான் மாட்டிக்கும்.”

“இம்புட்டு வேலை செய்யுத சாமானுக்கு ஆண்டவரு ஒரு காவலும் வைக்கலியா டாக்டர்?”

“மூணு காவல் வெச்சிருக்கான். முதல் காவல் கோழை. மேல இருக்கிற சுரப்பி, மெஷினுக்கு எண்ணெய் விடுற மாதிரி சொட்டிக்கிட்டே இருக்கும். அதைத் தாண்டினா, மடிப்போட தோலே சோடா உப்பு மாதிரி ஒண்ணைச் சுரந்து அமிலத்தை முறிச்சிடும். அதையும் தாண்டினா நரம்புக்குச் சுள்ளுன்னு தெரியும். உடனே நாண் ரெண்டும் கதவு மாதிரி படார்னு சாத்திக்கும், இருமல் வந்து வெளியே தள்ளிடும். உங்களுக்கு ரெண்டாவது காவக்காரன் களைச்சுப் போயிட்டான். வெறும் வயித்துல கட்டன் சாயா, பிந்தின சாப்பாடு, சாப்பிட்ட கையோட படுக்கை, விடிஞ்சா வயித்த எக்கிக்கிட்டுக் கத்துறது.”

“அது தொழிலு டாக்டர்.”

“தொழிலை விடச் சொல்லலம்மா. காவலுக்கு ஆள் போடலாம்.”

அந்த ஆள்தான் படலம். ஆய்வகத்தில் வளர்த்த செல்களை ஒரு மெல்லிய பாலாடை போல நாண்களின் மேல் படர விடுவார்கள். அவை உடம்பின் செல்களைவிடப் பல மடங்கு சோடா சுரக்கும். அமிலமும், அதோடு ஏறிவந்து தசையைத் தின்னும் பெப்சின் என்ற செரிமானச் சரக்கும் நாணைத் தொடுவதற்கு முன்பே செத்துவிடும். படலத்துக்குத் தீனி ஒரு மிட்டாய். இரவு படுக்கும் முன் ஒன்றைச் சப்பினால் மறுநாள் முழுக்க அது உழைக்கும். சப்பாவிட்டால் சுருண்டு தூங்கிவிடும். பிரகாசி அந்த மிட்டாயைப் பூனைக்குட்டிக்குப் பால் என்பாள். இன்னும் சோதனையில் இருந்த சிகிச்சை. நாற்பது பேருக்கு வைத்தார்கள். ஒவ்வொருவரையும் ஒரு மாணவர் கவனிக்க வேண்டும். பிரகாசிக்கு இன்னாசி.

மீன்பிடித் தடைக்காலத்தில் வள்ளங்கள் கரையேறிக் கிடந்தபோது படலம் வைத்தார்கள். ஜூனில் முதல் ஏலம். பிரகாசி வாயைத் திறந்ததும் கூடத்தின் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. விலை கேட்க வந்தவர்கள் விலையை மறந்து அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

அன்றே ஒரு சண்டையும் வந்தது. சிலுவைத்துறையில் ஒரு சட்டம் உண்டு. ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்ற பிறகு ஏலக்காரர் ஒரு செருமல் செருமுவார். அதன்பின் யாரும் விலை ஏற்றக் கூடாது. ‘மூணு தரம்’ என்றதும் மீன் கைமாறிவிடும். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஏலக்காரர்களின் தொண்டை காலம்காலமாகக் கரகரத்ததால், கடைசி விலையைச் சத்தமாகச் சொல்லும் முன் செருமியே ஆக வேண்டியிருந்தது. அந்தக் கரகரப்பே நாளடைவில் சட்டமாகிவிட்டது. அன்றைக்குப் பிரகாசிக்குச் செருமல் வரவில்லை. சுத்தமான தொண்டையோடு ‘மூணு தரம்’ போட்டுவிட்டாள். “செருமாம எப்பிடி அடிச்சிய? நான் ஏத்த இருந்தம்லா” என்று கொம்பையா என்ற வியாபாரி ஒரு கூடை விளமீனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

மறுநாளிலிருந்து செருமல் கேட்டது. ஐஸ் கம்பெனி வாசலில் நின்று இன்னாசி தினமும் அதைக் கேட்பான். வாரத் தாளில் ‘இருமல், செருமல் உண்டா?’ என்ற கேள்விக்கு ‘உண்டு’ என்று நம்பிக்கையோடு எழுதுவான்.

வெள்ளிக்கிழமை விடியலில் அவன் வேலைக்குப் போகும் முன் நேராக ஏலக்கூடத்துக்குப் போனான். பிரகாசி ஒரு பாறை மீனின் தலைமாட்டில் நின்று விலையை ஏற்றிக்கொண்டிருந்தாள். “ஒரு தரம்... ரெண்டு தரம்...” பிறகு ‘க்ஹும்’ என்று கணீரென ஒரு செருமல். இன்னாசிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. செருமல் இருக்கிறது. அப்படியானால் தொண்டைக்கு உணர்வு இருக்கிறது. தவறு எப்போதும் போலத் தன்னுடையதுதான்.

அடுத்த கூடை வருவதற்குள் அவள் சாயாவை எடுத்து வாயில் ஊற்றினாள். கொம்பையா பக்கத்தில் வந்து, “யக்கா, நேத்து நீங்க குடுத்த சூரையை எம் பொண்டாட்டி தராசுல போட்டா. எடை பத்தாம தராசு முள்ளு வெக்கப்பட்டுத் திரும்பிக்கிட்டு” என்றார். அவளுக்கு வாய்கொள்ளாத சிரிப்பு. சாயாவோடு சேர்த்துச் சிரித்தாள். அந்த மாதிரிச் சிரித்தால் யாருக்கும் புரையேறி மூக்கு வழியாக வந்திருக்கும். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, “ஒமக்கு முள்ளு திரும்புனா, எனக்கு ஆளு திரும்பும், அடுத்த யாவாரி பாப்பேன்!” என்றாள்.

அந்தக் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் கொளகொளத்தது. சாயா நாண்களின் மேல் நின்றுகொண்டிருக்கிறது. அவளுக்கோ அது தெரியவே இல்லை.

ஏலம் முடியும்வரை காத்திருந்து அவளை ஐஸ் கம்பெனியின் பின்சுவர்ப் பக்கம் அழைத்துப் போனான்.

“மதினி, இருமுங்க.”

“எதுக்குல?”

“சும்மா இருமுங்க.”

இருமினாள். குரல் தெளிந்தது. “தானா இருமல் வரலியா?” என்று கேட்டான்.

“எதுக்கு வரணும்? அதுக்குத்தான ஒங்க டாக்டரம்மாகிட்ட வந்தேன்.”

“அப்ப காலையில செருமுனது?”

பிரகாசி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அது நடிப்புல. செருமாட்டி இந்தப் பயலுவ சண்டைக்கு வாரானுவல்லா? வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன். எப்பிடி, அசலு மாதிரி இருக்கா?”

அசல் மாதிரித்தான் இருந்தது. அவள் நடித்ததை அவன் வாராவாரம் தாளில் ‘உண்டு’ என்று எழுதியிருக்கிறான்.

“போன மாசம் ரெண்டு வாட்டி காய்ச்சல் வந்துச்சில்லா, நெஞ்சுல சளி?”

“ஏசி பஸ்ஸுல வந்தது.”

“பஸ்ஸு இல்ல மதினி. ஒங்க தொண்டையில மூணாவது காவல் போயிருச்சி. சாயா உள்ள போவுது, ராத்திரி எதுக்களிக்கதும் உள்ள போவுது. கதவச் சாத்த ஆளில்ல. எல்லாம் நேரா நெஞ்சுக்குப் போவுது. காய்ச்சலோட நிக்காது.”

அவள் உள்ளங்கையால் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, “இத எழுதுனா என்ன செய்வாவ?” என்றாள்.

“படலத்த எடுத்துருவாவ. சோதனையோட விதி அது.”

“எடுத்தா?”

“ஒங்க சொந்தக் காவல் முழிக்க மாசக்கணக்குல ஆவும்.”

“அதுவரைக்கும் என் குரலு?”

இன்னாசி ஐஸ் கம்பெனிச் சுவரைப் பார்த்தான்.

“அப்ப எழுதாத.” அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “கருவி பழுதுன்னு எழுதியிருக்கேல்லா? அப்பிடியே கிடக்கட்டும். ஒன் கையெழுத்துதான, நானா போடச் சொன்னேன்? மறுபடியும் அந்தப் பின்கட்டுல என்னைய உக்கார வைக்காத இன்னாசி. காய்ச்சல் வந்தா மாத்திரை இருக்கு. குரல் போனா என்ன இருக்கு எனக்கு?”

அன்று முழுக்க ஐஸ் கட்டிகள் அவன் கையிலிருந்து வழுக்கின. தன் கணிப்பு தப்பாக இருக்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டது அதுதான் முதல் தடவை. அதற்காகவே மறுபடி மறுபடி யோசித்தான். ஆவியை இழுத்து அவன் இருமினான், அவள் இருமவில்லை. சாயா நின்றது, அவளுக்குத் தெரியவில்லை. காய்ச்சல் வந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் விடை ஒன்றுதான். எழுதினால் போவது அவள் குரல். எழுதாவிட்டால் அவள் நெஞ்சு. அவளுக்குப் பதிலாக அவனா தேர்ந்தெடுப்பது?

சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று, “எழுதப் போறேன் மதினி. ஒங்ககிட்டச் சொல்லாம எழுத மனசு வரல” என்றான்.

பிரகாசி உள்ளே போய்விட்டாள். அவன் பஸ் நிறுத்தத்துக்குப் போனான். பஸ் வந்தபோது அவளும் வந்து ஏறினாள். பெண்கள் பக்கம் உட்கார்ந்து, தூத்துக்குடி வரும்வரை உப்பளத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு தடவைகூட அவன் பக்கம் திரும்பவில்லை.

ரிஸ்வானா தானே சோதித்தார். லேசான ஆவி, கூடின ஆவி, அதற்கும் கூடியது. பிரகாசி அமைதியாக மூச்சு விட்டாள். டாக்டர் கருவியை அணைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“நாங்க நினைச்சது நடந்திருக்கு. நினைக்காததும் நடந்திருக்கு. அமிலம் நாணைத் தொடவே இல்லை. அதனால நரம்புக்கு வேலையும் இல்லை. திருடனே வராத தெருவுல காவக்காரன் எத்தனை நாள் முழிச்சிருப்பான்?”

“நான் வாரா வாரம் செருமல் உண்டுன்னு எழுதிட்டேன் மேடம். என் தப்பு” என்றான் இன்னாசி.

“உன் தப்பு பாதி. இருமல் உண்டான்னு கேள்வி எழுதினது நான். தானா வருதான்னு கேக்கல.” அவர் பிரகாசியைப் பார்த்தார். “விதிப்படி இதை இன்னைக்கே எடுக்கணும்மா.”

“எடுங்க” என்றாள் பிரகாசி. குரல் மணி போல ஒலித்தது. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. “எடுக்கதுக்கு முன்னால ஒண்ணு கேக்கேன். காவக்காரன் செத்துட்டானா, தூங்குதானா?”

“தூங்குறான்.”

“தூங்குதவன எழுப்பத்தான செய்யணும்? வீட்ட இடிக்கணும்னு இல்லியே?”

ரிஸ்வானா எழுந்து போய்க் குழாயைத் திறந்து கை கழுவினார். துடைத்துக்கொண்டே இன்னாசியிடம், “மிட்டாய் ஒரு ராத்திரி குடுக்கலைன்னா படலம் எவ்வளவு நேரம் தூங்கும்?” என்று கேட்டார்.

“ஒரு பகல், மேடம். நான் ரெண்டு தடவை...”

“ரெண்டு தடவை அளந்திருப்பே. தெரியும்.” அவர் திரும்பி உட்கார்ந்தார். “சரி. வாரத்துல ஒரு நாள் படலம் தூங்கட்டும். அன்னைக்கு அமிலம் வந்து நாணைச் சுடும். கரகரக்கும், எரியும். நரம்பு முழிச்சுக்கும். ஆனா அன்னைக்கு நீங்க பேசவே கூடாது. வெந்த புண்ணுல உரசின மாதிரி ஆயிடும். கிசுகிசுன்னு பேசறது அதைவிட மோசம். தலைமாட்டை உயர்த்திப் படுங்க. ஏலத்துல நின்னுக்கிட்டுச் சாயா குடிக்கக் கூடாது. உட்கார்ந்து, தலையைக் குனிஞ்சு, ஒவ்வொரு மடக்கா. ஒரு மாசம் பாப்பேன். முன்னேற்றம் இல்லைன்னா படலம் வெளியே வந்துடும். அப்ப அழக் கூடாது.”

“அழ மாட்டேன்.”

“எந்த நாள் வேணும்?”

இத்தனை நேரம் வெடுக்வெடுக்கென்று பேசியவள் அதற்கு மட்டும் தயங்கினாள். திங்கள் முதல் சனி வரை ஏலம் உண்டு. மீதி இருப்பது ஒரே நாள்தான். சூசையின் வள்ளம் திங்கள் விடியலில் போனால் சனிக்கிழமை மத்தியானம்தான் கரை காணும். சனிக்கிழமை அவன் வலையோடும் தூக்கத்தோடும் கிடப்பான். புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துப் பேசுவது ஞாயிறு ஒரு நாள். பேசுவது என்றால் பிரகாசி பேசுவாள், சூசை ‘ம்’ கொட்டுவான். சூசை வாயைத் திறந்தால் அது சோற்றுக்குத்தான் என்பது தெருவுக்கே தெரியும்.

“ஞாயித்துக்கெழம” என்றாள் பிரகாசி.

அடுத்த வாரம் ரிஸ்வானா மற்றவர்களையும் வரவழைத்துச் சோதித்தார். பள்ளி ஆசிரியை, பஸ் நடத்துநர், நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடும் டபேதார். பாதிப்பேருக்கு மேல் காவல் தூங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவரிடமும் எந்த நாள் என்று கேட்டார்.

“ஒருத்தர்கூட வேலை நாளைத் தரல, இன்னாசி” என்றார் வகுப்பு முடிந்த பிறகு. “எல்லாரும் வீட்டு நாளைத்தான் தூக்கிக் குடுத்தாங்க. குரலைக் காப்பாத்திக் குடுத்தோம், சரிதான். யாருக்குக் காப்பாத்தினோம்னு இப்பதான் தெரியுது.”

பிரகாசியின் முதல் ஞாயிறு, ஆகஸ்ட் பதினைந்து, மாதா விண்ணேற்புத் திருநாளாக வந்து வாய்த்தது. கோயிலில் பிரகாசி உதட்டை மட்டும் அசைத்தாள். வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைத்தாள். பரிமாறினாள். தொண்டை எரிகிற முகத்தோடு எதிரே உட்கார்ந்தாள். இன்னாசி முந்தின நாளே அண்ணனிடம் எல்லாவற்றையும் இரண்டு முறை விளக்கியிருந்தான். இரண்டு முறையும் சூசை ‘ம்’ என்றிருந்தான். ஆனாலும் சட்டியும் அகப்பையும் மட்டும் பேசிக்கொண்ட அந்த வீட்டில் சூசைக்குச் சோறு இறங்கவில்லை. தன்மேல் ஏதோ கோபம் என்றே பட்டிருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்ததும், கல்யாணமான நாளிலிருந்து செய்யாத காரியமாக, தட்டுகளை எடுத்துக் கொண்டுபோய்க் கழுவி வைத்தான். பிரகாசி சிரிப்பை அடக்கக் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். சிரிப்பும் உரசல்தான் என்று இன்னாசி எச்சரித்திருந்தான்.

இரண்டாவது ஞாயிறு சூசை மூன்று தடவை தொண்டையைக் கனைத்தான். ஒன்றும் வெளியே வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு, சாப்பாட்டுக்கு நடுவில், தட்டைப் பார்த்துக்கொண்டே, “திங்கக்கெழம காத்து சரியில்ல” என்றான்.

பிரகாசி நிமிர்ந்தாள். இன்னாசி முள் எடுப்பதை நிறுத்தினான்.

“கச்சான் காத்து. வலை விடல. சும்மா கெடந்தோம்.” ஒரு கவளம் சாப்பிட்டான். “நம்ம வள்ளத்துச் சேகரு போன்ல ஏலத்தப் போட்டான். தினமும் போடுவான்.” இன்னொரு கவளம். “வெலைக்காவ இல்ல. ஒன் சத்தம் கேக்க.”

பிரகாசி அப்போது ரசத்தை வாயில் வைத்திருந்தாள். அடுத்த கணம் அவளுக்குப் புரையேறியது. கண் பிதுங்க, முகம் சிவக்க, மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். யாரும் கண்ணாடி முன்னால் பழகியிருக்க முடியாத இருமல். சூசை பதறி எழுந்து அவள் உச்சந்தலையில் தட்டினான்.

“யாரோ நினைக்காவ...” என்று வழக்கம் போல ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். “நான் எதிர்க்கதான இருக்கேன். வேற எவன்டி ஒன்னைய நினைக்கான்?”

அவளால் பேச முடியாது. இருமிக்கொண்டே அவன் நெஞ்சில் விரலால் குத்திக் காட்டினாள். இன்னாசிக்குச் சோற்றுக் கையோடு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. காவக்காரன் விழித்துவிட்டான். ஆனாலும் ரசத்தில் மிளகு கூடுதலாக இருந்திருக்கலாம் என்று அடுப்படிக்குப் போய்ச் சட்டியிலிருந்து ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பினான்.

ஒரு மாதத்தில் ரிஸ்வானா சோதித்தபோது கூடின ஆவிக்கு இருமல் வந்தது. அக்டோபரில் லேசான ஆவிக்கே வந்துவிட்டது. காய்ச்சல் திரும்ப வரவில்லை. திங்கட்கிழமைக் குரலும் குறையவில்லை.

“இனிமே வாராவாரம் வேண்டாம்மா. மாசத்துக்கு ஒரு ஞாயிறு போதும். மத்த ஞாயிறெல்லாம் நல்லாப் பேசுங்க” என்றார் டாக்டர்.

பிரகாசி நன்றி சொன்னாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். பஸ்ஸில் இந்தத் தடவை இன்னாசியின் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்தாள். உப்பளம் தாண்டும்வரை எதையோ மென்றுகொண்டு வந்தவள், “கொழுந்தனாரே” என்றாள். அப்படிக் கூப்பிட்டால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம்.

“சொல்லுங்க மதினி.”

“வாராவாரம் விட்டா கெடுதல் ஏதும் உண்டா?”

“கெடுதல் இல்ல. தேவை இல்ல, அவ்வளவுதான்.”

“அப்ப டாக்டரம்மா சொன்னத ஒங்கண்ணன்கிட்டச் சொல்லாண்டாம்.”

“என்ன மதினி, என்னையப் பொய் சொல்லச் சொல்லுதியளா?”

“பொய் எதுக்குல? அவரு கேட்டாச் சொல்லு. கேக்காட்டிச் சும்மா இரு. அவரு எங்க கேக்கப் போறாரு?” அவள் சன்னல் பக்கம் திரும்பி, சிரிப்பை வெளியே விட்டாள். “கட்டுன நாள்ல இருந்து நான்தான பேசுதேன். இப்பத்தான் அவரு திங்கக்கெழமயில ஆரம்பிச்சிப் பைய வெள்ளிக்கெழம வர வந்திருக்காரு. சனிக்கெழம என்ன நடந்துச்சின்னு எனக்குத் தெரிய வேண்டாமா?”

அந்த ஞாயிறு அவள் கோயிலிலிருந்து வந்ததும் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, உதட்டில் விரல் வைத்தாள். சூசை பரிவோடு தலையாட்டினான். மிளகாய் கிள்ளிக் கொடுத்தான். பிறகு அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே ஆரம்பித்தான். சனிக்கிழமை விடியும் முன் கரைக்கு வரும் வழியில் கடல் பச்சையாக மினுங்கியது, துடுப்பை வைத்தால் துடுப்பு மினுங்கியது, ஒரு ஆமைக்குட்டி வள்ளத்தோடு கூடவே வந்தது, அதற்கு அவன் ஒரு பெயர் வைத்தது. பெயரைச் சொல்ல அவன் வெட்கப்பட்டான். பிரகாசி அகப்பையால் தரையில் தட்டிச் சொல்லச் சொன்னாள். அவன் அவள் பெயரையே சொன்னதும் அவள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இன்னாசி முன்னறையில் நாட்குறிப்பை விரித்து வைத்திருந்தான். அண்ணனின் குரல் தன் குரலைப் போலவே இருப்பது அவனுக்கு அதுவரை தெரியாது. ஆமையின் கதை முடியும்வரை காத்திருந்துவிட்டு எழுதினான்:

நாளை, திங்கள்: மாலை வகுப்பில் மதினிக்கு எலுமிச்சை ஆவிச் சோதனை. லேசான ஆவியில் தொடங்க வேண்டும். முதலில் என்மேல்.